விதை காயக் கூடாது

மழைக்காட்டை மீட்கும் வேலை என்று சொன்னால், மரம் நடும் விழாவைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வால்பாறைப் பக்கம் நான் செய்துவரும் வேலையில் நடுவது மிகச் சின்னப் பகுதி. ஜூனில் மழை பிடித்ததும் சில வாரங்களில் அது முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் விதை பொறுக்குவது, களை எடுப்பது, அப்புறம் பேச்சு. பேச்சுதான் அதிகம்.

வால்பாறை பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகமும் மற்ற காடுகளும், நடுவில் தேயிலை. 1890களிலிருந்து காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது ஓடைக்கரையிலும் சரிவிலும் தப்பிய துண்டுக்காடுகள் அங்கங்கே நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு இந்தத் துண்டுகளிலும் பிழைத்திருக்கிறது. அது மரத்துக்கு மரம் தாவிப் போகிற பிராணி. கிளைக்கும் கிளைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் தரைக்கு இறங்கும். இறங்கினால் வண்டியில் அடிபடும். புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே பாலம் கட்டியிருப்பது அதற்காகத்தான். பாலம் நல்லதுதான், ஆனால் அது வயிற்றை நிரப்பாதே.

வயிற்றை நிரப்புவதில் வெடிப்பலாவுக்குப் பெரிய பங்கு. கோடை தொடங்கி மற்ற மரங்களில் பழம் குறைகிற நேரத்தில் கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். குரங்குகள் அந்தச் சதைப்பற்றான பூவைத் தின்னும், பிறகு முள்தோல் காயைப் பிய்த்து விதையையும் தின்னும். எங்களுக்கும் அதே விதைதான் வேண்டும். காட்டுக்குள் போய் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தார்ச்சாலையில் விழுந்து எப்படியும் முளைக்கப் போகாததைத்தான் பொறுக்குகிறோம். நெல், கம்பு மாதிரி காயவைத்துப் பத்திரப்படுத்தலாம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். முடியாது. மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் விதை காய்ந்தால் செத்தது. பையில் கொண்டுவந்த ஈரத்தோடு அன்றோ மறுநாளோ மண்ணுக்குள் போக வேண்டும். அதனால் எங்கள் வேலை அட்டவணையை நாங்கள் போடுவதில்லை, மரங்கள் போடுகின்றன. சில மரங்கள் ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், அடுத்த வருடம் கையை விரித்துவிடும். நிதி தருகிறவர்களின் மார்ச் மாதக் கணக்குக்கு இது புரிவதே இல்லை.

களை எடுப்பதை லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். உண்ணிச்செடியும் மிக்கேனியாக் கொடியும் அடைத்துக் கிடக்கிற இடத்தில் அரிவாளோடு இறங்கும்போது, அந்தப் புதருக்கு அடியிலேயே தானாக முளைத்த காட்டுக் கன்றுகள் இருக்கும். மொத்தமாக வெட்டினால் அதுவும் போச்சு. எங்கள் நாற்றங்காலில் உள்ள ஓர் அக்கா கொழுந்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒருமுறை நான் நின்றிருந்த இடத்தில் முழங்கால் உயரச் செடி ஒன்றைக் காட்டி, "தம்பி, கொஞ்சம் காலைத் தள்ளி வைங்க, குங்கிலியம் நிக்குது" என்றார். குனிந்து பார்த்தால் ரத்தச் சிவப்பில் இரண்டு தளிர். அது கருங்குங்கிலிய மரக்கன்று. அந்த மரத்தின் பழம் இருவாச்சிப் பறவைக்குப் பிடித்தது. இப்படித் தானாக வந்த ஒன்று, நாங்கள் பையில் வளர்த்துக் கொண்டுவரும் கன்றை விடத் தெம்பாக நிற்கும் என்பது என் கணிப்பு. நிதி தருகிறவர்களுக்கு எழுதும் அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது.

எங்கும் மரம் வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. மலையுச்சிப் புல்வெளியில் முன்பு வாட்டில், பைன் மரங்களை நட்டதால் வரையாட்டின் மேய்ச்சல் நிலம்தான் சுருங்கியது. இப்போது அந்த மரங்களைப் பிடுங்குவதற்குப் பாடுபட வேண்டியிருக்கிறது.

தோட்ட மேலாளர்களிடம் போனால் கன்றைப் பற்றிக் கடைசியில்தான் பேச்செடுப்பேன். முதல் பேச்சு, தோட்டத்துக்குள் மிஞ்சி நிற்கும் பழைய மரங்களைப் பற்றி. பெரிய இருவாச்சி தானாகப் பொந்து குடையாது. வயதான பெருமரத்தில் இருக்கும் பொந்துக்குள் பெண் பறவை புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். ஆண் பறவை சின்னத் துவாரம் வழியாகத் தீனி கொடுக்கும். நாங்கள் நட்ட எதிலும் அப்படியொரு பொந்து விழ என் ஆயுள் போதாது. ஒரு தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்தில் பொந்துள்ள மரம் ஒன்றை வெட்ட இருந்தார்கள். கூரை மேல் விழுமோ என்ற பயம் நியாயமானதுதான், குழந்தைகள் விளையாடுகிற இடம். பல தடவை பேசி, வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளைகளை மட்டும் கழித்தார்கள். மரம் நிற்கிறது. இருவாச்சி இன்னும் வரவில்லை, பொந்தில் இப்போதைக்கு மரநாய்தான் படுத்துத் தூங்குகிறது.