எத்தனை கிராம் என்று முதலில் கேளுங்கள்

புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் வைத்த சிறுநீர்க் குழாயை எடுத்து இன்றோடு ஐந்து வாரம். இருமினால் இன்னும் இரண்டு சொட்டு கசிகிறது. மற்றபடி ராத்திரி ஆறு தடவை எழுந்தவன் இப்போது ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் நடுவே வீணாய் அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் மாத்திரையை மூன்று வருடம் விழுங்கியும் சிறுநீர் அடைப்பு விடவில்லை, ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. முதலில் போன மருத்துவமனையில் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "டி.யூ.ஆர்.பி. பண்ணிடலாம், அடுத்த வாரம் அட்மிட் ஆயிடுங்க" என்றார்கள். இரண்டாவது இடத்தில் லேசர் என்றார்கள். செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்கு ஏன் லேசர் என்று கேட்டதற்கு, "அதான் சார் லேட்டஸ்ட்" என்று பதில். செல்போனா வாங்கப் போனேன்?

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தேன். 'கிரேடு 3 வீக்கம்' என்று இருந்தது, எடை இல்லை. மூன்று அளவுகள் மட்டும்: 4.8, 5.6, 6.5 சென்டிமீட்டர். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது போதும். முட்டை வடிவத்துக்கு மூன்றையும் பெருக்கி, பை (π) என்ற எண்ணில் ஆறில் ஒரு பங்கான 0.52-ஆல் பெருக்க வேண்டும். 91 மில்லி வந்தது. கிராமிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். 20, 25 கிராம் இருக்க வேண்டிய சுரப்பி!

அந்தக் கணக்கை எழுதிய காகிதத்தோடு மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போனேன். பார்த்துச் சிரித்துவிட்டு, "இதைத்தான் சார் முதல்ல பார்க்கணும்" என்றார். டி.யூ.ஆர்.பி. என்பது தேங்காய் துருவுவது மாதிரி, உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பது. 80 கிராம் வரைக்கும் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் நேரம் இழுக்கும், ரத்தம் அதிகம் போகும். பழைய முறையில் கழுவுகிற நீர் உடம்புக்குள் ஏறி சோடியம் குறைந்துவிடுகிற ஆபத்தும் உண்டு; சலைன் என்கிற உப்பு நீர் வைத்துச் செய்கிற பைபோலார் முறையில் அந்தப் பயம் இல்லை. ஹோலெப் லேசர் என்பது விரலை விட்டு நுங்கை முழுசாக நோண்டி எடுப்பது மாதிரி. தோலை விட்டுவிட்டுச் சதையை அப்படியே பெயர்த்து சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே பொடியாக்கி உறிஞ்சி எடுப்பார்கள். இரண்டுக்கும் வெளியே வெட்டு கிடையாது. பெரிய சுரப்பிக்கு லேசர் வசதி இல்லாத இடத்தில் பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் செய்வார்கள். 55 கிராம்காரர் லேசர் இல்லையே என்று கலங்கவே வேண்டாம்.

சரி, லேசர் என்று முடிவாயிற்று. அப்புறம்தான் கூத்து. யூரோஃப்ளோ எடுக்க வரச்சொன்னார்கள். ஒரு புனலில் சிறுநீர் விட வேண்டும், மிஷின் வேகத்தைக் கணக்கிடும். தண்ணீர் குடித்துவிட்டு வரச்சொன்னதால் பஸ் ஏறும்போதே ஒரு லிட்டர் காலி. பள்ளிகொண்டா வரை பல்லைக் கடித்தேன், முடியவில்லை, கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் பிடித்துப் போய்ப் புனல் முன்னால் நின்றால் 90 மில்லிதான் வந்தது. குறைந்தது 150 வேண்டுமாம். "இன்னா பெரியவரே, வழியிலேயே போய்ட்டு வந்தீங்களா? நாளைக்கு வாங்க" என்று மிஷின்காரப் பையன் கதவைச் சாத்திவிட்டான். மணி அப்போது பன்னிரண்டேகால்! மறுநாள் தண்ணீர் குடிக்காமல் போய், அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அட்மிஷன் நாளில் இன்னொரு இடி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதற்காக, ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் குளோபிடோக்ரெல் மாத்திரை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மயக்க டாக்டர் பார்த்துவிட்டு, இதய டாக்டர் கடிதம் இல்லாமல் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது நியாயம்தான். என் கோபமெல்லாம் அதைக் கேட்காமல் அட்மிஷன் சீட்டு எழுதிய ஆள் மேல். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இதய டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எனக்கு ஐந்து நாள் நிறுத்தினார்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் தெரிந்தது, இதற்குப்பின் பெரும்பாலும் விந்து வெளியே வராது, பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும் என்று. டி.யூ.ஆர்.பி.யிலும் அதே கதைதான். எனக்கு 67, பரவாயில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு 52, அவருக்கும் அதே நிமிடத்தில்தான் சொன்னார்கள். கூச்சப்படாமல் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வந்தால் போன் வரும் என்றார்கள். மூன்று வாரம் பார்த்துவிட்டு நேரில் போனேன். பத்து நாளாக அவர்கள் டிராயரிலேயே கிடந்திருக்கிறது. புற்று இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பத்து ராத்திரியும் நான் எழுந்து உட்கார்ந்தது சிறுநீருக்காக அல்ல.