செவலைக்குச் சோறு வைத்த கதை

சிங்கப்பூருக்கு வந்து மூன்றாவது வாரம். தோ பாயோ பகுதியில் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். வேலை முடிந்து இரவு எட்டரைக்குத் திரும்பும்போது புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசைக்கு அடியில் ஒரு செவலைப் பூனை படுத்திருக்கும், என்னைக் கண்டதும் முன்கால் இரண்டையும் நீட்டி நெட்டி முறித்துவிட்டு மின்தூக்கி வரைக்கும் கூடவே வரும். அந்த நாட்களில் வீட்டு உரிமையாளர், அலுவலகத்தில் இரண்டு பேர் தவிர எனக்கு இங்கே யாரையும் தெரியாது. நாள் முழுக்கப் பேசாத வாய் அந்தப் பூனையைப் பார்த்ததும் தானாகத் தமிழில் பேச ஆரம்பித்துவிடும்.

ஒருநாள் இரவு மிச்சமிருந்த சோற்றில் குழம்பு மீனைப் பிசைந்து, ஒரு செய்தித்தாளில் வைத்துக் கீழே கொண்டுபோய்த் தூண் ஓரமாக வைத்தேன். சாப்பிட ஆரம்பித்ததும் மேலே வந்துவிட்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அப்புறம் அதுவே பழக்கமாகி ஐந்து நாள் வைத்தேன்.

ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. கீழே துப்புரவு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அதே தூண் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் நான் வைத்த தாள் குழம்போடு காய்ந்து சிமெண்டுத் தரையோடு ஒட்டியிருந்தது. பருக்கைகள் சிதறி, எறும்பு சாரை சாரையாகத் தூணில் ஏறிக்கொண்டிருந்தது. தமிழ் முகம் என்று கண்டுகொண்டு அவரே பேசினார்: "பாருங்கக்கா, யாரோ தெனம் பூனைக்கு வச்சிட்டுப் போறாங்க. அது மீனை மட்டும் தின்னுட்டுப் போயிடுது. ராத்திரி சோத்துக்கு எலி வருது, விடிஞ்சா புறா வருது. சூப்பர்வைசர் போட்டோ புடிச்சு அனுப்பி என்னைக் கேக்குறாரு."

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் தம்பி என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், கோபப்படவில்லை. "பூனைக்குப் போடுங்கக்கா, பாவம்தான். கொஞ்ச நேரம் நின்னு, மிச்சத்தை எடுத்துட்டுப் போயிருங்க." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். அவர் கையிலிருந்த தகட்டின் சத்தம் அன்று முழுக்க என் காதில் இருந்தது.

அன்று இரவு இங்குள்ள நம்மவர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டேன், பூனைக்குச் சாப்பாடு வைப்பது தப்பா என்று. ஒருவர் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்றார், ஒருவர் வேலை அனுமதியே போய்விடும் என்று பயமுறுத்தினார், இன்னொருவர் எல்லாரும் வைக்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்றார். மூன்றுமே சரியில்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பதால் நான் தேடிப் படித்ததைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தெருவில் வாழும் பூனைக்கு உணவு கொடுப்பது குற்றமில்லை. இங்கே அவற்றைச் சமூகப் பூனைகள் என்றுதான் சொல்கிறார்கள், தெருப்பூனை என்ற சொல்லை விட எனக்கு அது பிடித்திருக்கிறது. குற்றம் எதுவென்றால், மிச்சத்தை விட்டுவிட்டுப் போவது. பொது இடத்தில் சோறு, தாள், டப்பா என்று எதை விட்டாலும் அது குப்பை போட்ட கணக்கு. முதல் தடவை பிடிபட்டால் பொதுவாக 300 வெள்ளி கட்டச் சொல்வார்கள். நீதிமன்றம் வரை போனால் முதல் குற்றத்துக்கு 2,000 வெள்ளி வரை, இரண்டாவதற்கு 4,000, அதற்கு மேல் 10,000 வரை விதிக்கலாம். பொது இடத்தில் எல்லாரும் பார்க்கப் பளிச்சென்ற மேலங்கி போட்டுக்கொண்டு குப்பை பொறுக்க வைக்கும் தண்டனையும் இருக்கிறது. நான் ஐந்து நாள் செய்தது அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சட்டத்தின் கண்ணில் அது ஐந்து தடவை குப்பை போட்டது. அந்தத் தம்பியின் கண்ணிலும் அப்படித்தான். சட்டம் சொன்னதை விட அவர் பார்த்ததுதான் எனக்கு உறைத்தது.

பறவைகள் விஷயம் வேறு, அங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2020 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி புறா, மைனா, குரங்கு, காட்டுப்பன்றி எதற்கும் அனுமதியில்லாமல் உணவு கொடுக்கக் கூடாது. முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம், திரும்பவும் செய்தால் 10,000 வரை. காகமும் இதில் அடக்கம். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதே கிடையாது. அப்பாவுக்கு என்று வைக்கிற பிடி சோறு அது. இப்போது அந்தப் பிடியைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நானே சாப்பிடுகிறேன், இன்னும் பழகவில்லை. ஆனால் 2023 வாக்கில் பீஷான், ஆர்ச்சர்ட் பக்கமெல்லாம் காகங்கள் நடந்து போகிறவர்களின் தலையில் கொத்தின செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, மனிதர் போடும் தீனியால் அவை பெருகினால் என்ன ஆகும் என்பது புரியும். பூனைக்கு என்று வைத்த சோற்றை விடியற்காலையில் புறா தின்றுகொண்டிருந்தால் நாம் யாருக்குச் சோறு போட்டோம் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, ஒழுங்காக வைப்பது எப்படி? அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து புளோக்கில் இருக்கும் ஒரு சீனப் பாட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், இங்கே வழக்கப்படி ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னை "கேர்ள்" என்பார். இரவு ஒன்பது மணிக்குச் சந்தைக்குப் போகிற தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வருவார். அதில் உலர்ந்த பூனைத் தீனி ஒரு டப்பா, தேய்ந்துபோன நான்கு பிளாஸ்டிக் மூடிகள், தண்ணீர் போத்தல், பழைய துணி, ஒரு பிளாஸ்டிக் பை. தரையில் எதையும் கொட்ட மாட்டார். மூடியில் ஒரு கைப்பிடி தீனி போட்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார், பூனை தின்று முடிக்கிறவரை. முட்டி வலி அவருக்கு, தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் நிற்பார். முடிந்ததும் மூடியை எடுத்து, சிந்தினதைத் துணியால் துடைத்து, தண்ணீர்க் கிண்ணத்தையும் கவிழ்த்து வண்டியில் போட்டுக்கொள்வார். தண்ணீரை ஏன் விடக் கூடாது என்று கேட்டேன். டெங்கி என்றார் ஒரே சொல்லில். தேங்கின தண்ணீரில் கொசு முட்டையிடும், அது தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் பூனைக்கு வைத்த தண்ணீரை அந்தக் கண்ணால் நான் பார்த்ததில்லை. சோறும் மீன் குழம்பும் வேண்டாம் என்றார், உப்பும் வெங்காயமும் பூனைக்கு ஆகாது. நான் ஐந்து நாள் வெங்காயக் குழம்பு ஊட்டியிருக்கிறேன்.

செவலையின் இடது காதை அவர்தான் காட்டினார். நுனி நேராக வெட்டினது மாதிரி இருக்கும், நான் சண்டையில் போனது என்று நினைத்திருந்தேன். கருத்தடை செய்த பூனைக்கு மயக்கத்தில் இருக்கும்போதே அடையாளத்துக்காக அப்படிச் செய்கிறார்கள், மறுபடி பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க. அதைச் சொல்லும்போது அவர் 2003 பற்றிச் சொன்னார். 1998 முதல் கருத்தடை செய்த பூனைகளை அந்தந்தப் பேட்டையிலேயே விடும் ஒரு திட்டம் இருந்ததாம், சார்ஸ் தொற்றுநோய் வந்த அந்த வருடம் அதை நிறுத்திவிட்டுப் பூனைகளைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சோறு போட்டு வளர்த்த ஏழில் இரண்டுதான் மிஞ்சினவாம். ஆண்ட்டி இவ்வளவு சுத்தம் பார்ப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு புகார் போனால் நகர மன்றம் வரும், புகாருக்கு இடம் கொடுக்கும் ஒரு பருக்கைகூட அவர் கீழே விட மாட்டார்.

சட்டம் மாறியும் இருக்கிறது. 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கவே தடை இருந்தது, ஒளித்து வைத்து வளர்த்தவர்கள் ஏராளம். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம், உரிமமும் உடம்பில் அடையாள நுண்சில்லும் (மைக்ரோசிப்) கட்டாயம். பழக இரண்டு வருடம், 2026 ஆகஸ்டு 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். சன்னலுக்கு வலை அடிப்பதை மறந்துவிடாதீர்கள், பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஒரு பூனை புறாவைப் பார்த்துத் தாவினால் அவ்வளவுதான்.

செவலையை நான் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன், அறை வாடகைக்கு இருக்கிறவளுக்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும், அவருக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது. அதனால் ஆண்ட்டிக்கு முட்டி வலி கூடும் நாட்களில் வண்டியை நான் தள்ளிக்கொண்டு போகிறேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நிரந்தரமாக என்னுடையவை.

போன வாரம் வேலை தாமதமாகி ஒன்பதரைக்குத்தான் ஓடி வந்தேன். செவலை கல்மேசைக்கு அடியில் இல்லை. அந்தத் தம்பி இரவுப் பணியில் இருந்தார், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான்க்கா அந்தப் பக்கம் போச்சு, உங்களத் தேடிட்டு. மூடி கொண்டாந்தீங்களா?"