மான்யுமென்ட் ஸ்டேஷனுக்கு மேலே

லண்டனுக்கு வந்த முதல் நாலு மாதம், இந்த ஊர் எனக்கு டியூப் என்கிற சுரங்க ரயிலின் வரைபடமாக மட்டும்தான் இருந்தது. பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, ஏறும் இடம், இறங்கும் இடம். வேலைக்காகத் தினமும் மான்யுமென்ட் ஸ்டேஷனில் இறங்குவேன். பெயரே நினைவுச்சின்னம் என்றுதான் சொல்கிறது. யாருக்கு, எதற்கு என்று யோசித்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை அதைப் பார்ப்பதற்காகவே போனேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்தால், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒற்றைக் கல்தூண். உச்சியில் தங்க முலாம் பூசிய தீச்சுடர். 1666 செப்டம்பரில் 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் எரித்த பெருந்தீயின் நினைவாக கிறிஸ்டோபர் ரென்னும் ராபர்ட் ஹூக்கும் வடிவமைத்தது. 1677-இல் கட்டி முடித்தார்கள். உயரம் 202 அடி. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. தூணை அப்படியே கிழக்கே சாய்த்தால், உச்சி போய்த் தொடும் இடம் புட்டிங் லேன். தீ கிளம்பிய ரொட்டிக்கடை அங்கேதான் இருந்தது.

உள்ளே 311 படிகள், சுழன்று சுழன்று ஏறுகின்றன. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்க மேலே போய் நின்றேன். கிழக்கே டவர் பிரிட்ஜ், மேற்கே ரென்னே கட்டிய செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் குவிமாடம், கீழே தேம்ஸ். பூமிக்கடியில் தனித்தனிப் பெயர்களாகத் தெரிந்த இடங்கள் எல்லாம் நடந்தே போகும் தூரத்தில் இருந்தன. அன்று செயின்ட் பால்ஸுக்கு நடந்துதான் போனேன். அடுத்த வாரம் டவர் ஹில் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும் ரோமானிய மதில். அதைப் பார்க்கக் காசும் வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடங்கள்.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது தூணின் அடிப்பகுதி. அங்கே லத்தீன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தீக்குக் காரணம் கத்தோலிக்கர்களின் வெறி என்று 1681-இல் அதில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். நடுவில் ஒருமுறை அழித்தார்கள், மறுபடி செதுக்கினார்கள். 1830-இல்தான் அது ஒரேயடியாகப் போனது. ஊர் எரிந்த அந்த நாட்களில் வெளிநாட்டுக்காரர்கள் தெருவில் அடி வாங்கினார்கள். ராபர்ட் ஹூபர்ட் என்ற பிரெஞ்சு இளைஞன், தானே தீ வைத்ததாக ஒப்புக்கொண்டான். அடுத்த மாதமே, ஊரின் தூக்குமரம் நின்ற டைபர்னில் தூக்கிலிட்டார்கள். அவன் வந்த கப்பல் லண்டனை அடைந்ததே தீப்பிடித்த பிறகுதான் என்பது பின்னால் தெரிய வந்தது. வந்து இறங்கியவன் மேல் பழி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் டைபர்னைத் தேடிப் போனேன். மார்பிள் ஆர்ச் அருகே, எட்ஜ்வேர் ரோடு சந்திப்பில், வண்டிகளுக்கு நடுவே ஒரு திட்டு. தரையில் வட்டக் கல், நடுவில் சிலுவை, சுற்றிலும் அந்தத் தூக்குமரம் நின்ற இடம் என்று எழுத்து. அவன் பெயர் அதில் இல்லை. பச்சை விளக்கு விழுந்ததும் ஜனங்கள் அதன் மேல் நடந்து போனார்கள். நான் அடுத்த விளக்குவரை நின்றேன், கல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு சாலையைக் கடந்தேன்.