பித்தநாள நோயும் கல்லீரல் மாற்றும்: மெல்டு எண்ணில் வராதவை

கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்பவர்களில் யார் முன்னால் என்பதைப் பல நாடுகளில் மெல்டு (MELD) மதிப்பெண்தான் முடிவு செய்கிறது; கல்லீரல் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டும் எண் அது. 6 முதல் 40 வரை. ரத்தப் பரிசோதனையில் வரும் பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டுவது), ஐஎன்ஆர் (ரத்தம் உறைவதில் தாமதத்தைக் காட்டுவது), கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), கூடவே சோடியம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவது. 15-ஐத் தொட்டதும் மாற்று மையத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் பித்தநாளம் தழும்பேறிச் சுருங்கும் பிஎஸ்சி நோயில் ஆளை உண்மையில் வாட்டுவது இந்த எண்ணில் வராது. தூங்கவிடாத அரிப்பு, குளிர்நடுக்கத்தோடு திரும்பத் திரும்ப வரும் பித்தநாளத் தொற்று, இரண்டுக்கும் அதில் இடமில்லை. (பெரிய அநியாயம்தான்.) அதனால் ஒவ்வொரு காய்ச்சலின் தேதி, ரத்தக் கல்ச்சர் முடிவு, கொடுத்த ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். சிறப்பு முன்னுரிமை கேட்கும்போது அதுதான் சான்று.

ஐஎன்ஆர் ஏறியதும் கல்லீரல் கைவிட்டது என்று பதற வேண்டாம். பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது, அதனாலும் ஏறும். வைட்டமின் கே ஊசி போட்டதும் இறங்கினால் காரணம் அதுவே.

அறுவையில், நோயுற்ற பழைய பித்தநாளத்தோடு இணைக்காமல், சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து புதிய கல்லீரலின் பித்தநாளத்தோடு தைப்பதே பிஎஸ்சியில் நெடுநாள் வழக்கம். புதிய பித்தநாளத்துக்கு ரத்தம் பெரும்பாலும் கல்லீரல் தமனி வழியாகவே வருகிறது. தமனி அடைத்தால் முதலில் கெடுவது பித்தநாளம். தொடக்க நாட்களில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அடிக்கடி எடுப்பது இதற்காகத்தான்.

புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு பார்க்கும் நாளில், அதன் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். முன்பே போட்டால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். பெருங்குடல் அழற்சியும் இருப்பவர்களுக்கு, மாற்றுக்குப் பிறகும் ஆண்டுதோறும் கொலோனோஸ்கோபி உண்டு.