15 நாள் தாமதம்

பூச்சிகள் சில மாதங்கள் பெருகிப் பின்பு அருகிப்போவதைக் கண்டால் மழையையோ வெயிலையோ காரணம் சொல்வதே நம் வழக்கம். அது எப்போதும் பொருந்துமா என்று பார்க்கச் சென்ற வாரம் மடிக்கணினியில் இருபது வரி நிரல் ஒன்றை எழுதினேன்.

1950களில் ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர் ஏ. ஜே. நிக்கல்சன், செம்மறியாடுகளைத் தாக்கும் ஈக்களைச் சீரான வெப்பநிலையில் கூண்டுகளில் வளர்த்தார். புழுக்களுக்கு வேண்டிய மட்டும் தீனி கிடைத்தது. வளர்ந்த ஈக்களுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் தாராளமாக இருந்தன, ஆனால் முட்டை முதிர்வதற்கான புரதத்துக்கு நாளொன்றுக்கு அரை கிராம் அரைத்த ஈரல் மட்டுமே. பருவம் என்பதே இல்லாத அந்தக் கூண்டில், 35 முதல் 40 நாட்களுக்கு ஒருமுறை ஈக்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, மறுபடியும் மிகச் சிலவாகக் குறைந்தன.

1980இல் கர்னி, பிளைத், நிஸ்பெட் ஆகிய ஆய்வாளர்கள் இதற்கு எழுதிய சமன்பாட்டைத்தான் நான் ஓட்டிப் பார்த்தேன். முட்டை ஈயாக வெளிவர ஏறத்தாழ 15 நாள் ஆவதால், இன்று புதிதாகச் சேரும் ஈக்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இன்றைய கூட்டமல்ல, 15 நாளுக்கு முன்பிருந்த கூட்டம். நான் கொடுத்த மதிப்புகளின்படி, 600 ஈக்கள் இருந்த நாளில் இட்ட முட்டைகளிலிருந்து ஏறக்குறைய 1,766 ஈக்கள் வருகின்றன. 6,000 ஈக்கள் இருந்த நாளிலிருந்தோ இரண்டே இரண்டு! ஈரல் எல்லாவற்றுக்கும் துளித்துளியாகப் பங்காகி எதற்கும் போதாமல் போவதே காரணம். ஆனால் அந்தப் பஞ்சம் 15 நாள் கழித்தே எண்ணிக்கையில் தெரிகிறது. அதற்குள், முன்பு இட்ட முட்டைகளிலிருந்து புதிய ஈக்கள் வந்து குவிந்துகொண்டே இருக்கின்றன.

வேறெதையும் தொடாமல் தாமதத்தை மட்டும் 3 நாளாகக் குறைத்தேன். திரையில் எண்ணிக்கை ஏறி இறங்கும் அலை மெல்ல அடங்கி, கோடு 2,300க்கு அருகில் படுத்துவிட்டது. உயிருள்ள ஈயின் வளர்ச்சிக் காலத்தை அப்படி வெட்ட எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது. என்னைப் பொறுத்தவரை, இத்தகைய கணித மாதிரியின் பயன் அங்கேதான்.

அதன் குறையும் இதே கூண்டில்தான் தெரிந்தது. சோதனை நீண்டபோது, மிகக் குறைந்த புரதத்திலேயே முட்டையிடக்கூடிய ஈக்கள் இயற்கைத் தேர்வால் மேலோங்கின. அலையின் ஒழுங்கும் குலைந்தது. என் நிரலில் அந்த ஈக்கள் தோன்ற வழியே இல்லை, ஏனெனில் அதிலுள்ள எண்கள் எத்தனை தலைமுறை கடந்தாலும் மாறுவதில்லை.