அப்பா பெயரோடு இரண்டு வருடம்

பிலிப்பைன்ஸில் இருந்த இரண்டு வருடமும் யாரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மார்மன் மிஷனரிகள் சட்டையில் குத்தும் கறுப்புப் பட்டையில் 'எல்டர்' என்று போட்டு, பக்கத்தில் குடும்பப் பெயர் இருக்கும். எல்டர் என்றால் மூப்பர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியபோது அப்பா பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதையே பட்டையிலும் அடித்துவிட்டார்கள். 2017 ஜூலையிலிருந்து 2019 ஜூலை வரை சின்னப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை எல்லோரும் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிட்டார்கள். நான் இந்த ஊழியத்துக்குப் போவதில் அப்பாவுக்குத் துளியும் விருப்பம் இல்லை.

எங்கள் ஊர் கோயம்புத்தூர். அப்பா சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவர், லேத் பட்டறை வைத்திருக்கிறார். எனக்குப் பதினைந்து வயதில் அம்மாவும் நானும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஞானஸ்நானம் எடுத்தோம். மார்மன் சபை என்று வெளியில் சொல்கிறார்களே, அதன் முழுப் பெயர் இதுதான். கோவைக்கு இது நேற்று வந்த சபை இல்லை. பால் திருத்துவதாஸ் என்பவர் 1965-லேயே இங்கே ஞானஸ்நானம் எடுத்து, சுற்றுவட்டாரத்தில் பலரைச் சேர்த்திருக்கிறார். ஆனால் அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "நம்ம சபை இருக்கறப்ப இன்னொன்னு எதுக்குங் கண்ணு?" அவர் கோபப்படவில்லை. கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார்.

எங்கள் சபையில் பையன்கள் பதினெட்டு வயதிலிருந்து இரண்டு வருடம் முழுநேர ஊழியம் செய்யலாம். பெண்களுக்குப் பதினெட்டு மாதம். சம்பளம் கிடையாது. அவரவர் சேமிப்பும் குடும்பம் கொடுப்பதும்தான், போதாததற்குச் சபை நிதி உதவும். நான் பி.காம். முடித்து ஒரு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிப் பணம் சேர்த்தேன். விண்ணப்பம் போட்ட பிறகு உள்ளூர் தலைவர்களின் நேர்காணல், உடல் பரிசோதனை, பல் பரிசோதனை எல்லாம் உண்டு. போக நினைக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன், பல் டாக்டரிடம் முதலிலேயே போய்விடுங்கள். எனக்கு இரண்டு பல் அடைத்த பிறகுதான் படிவத்தில் கையெழுத்தே கிடைத்தது.

எந்த ஊருக்குப் போவது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அமெரிக்காவில் சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வரும் அழைப்புக் கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். இந்தியப் பையன்கள் நிறையப் பேர் இந்தியாவுக்குள்ளேயே ஊழியம் செய்வார்கள், எனக்கும் டெல்லியோ பெங்களூரோ வரும் என்று நினைத்திருந்தேன். பிலிப்பைன்ஸ், தகலோக் மொழி என்று வந்தது. அம்மா அழுதார். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அங்க அரிசிச் சோறு கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். விசா வர மூன்று மாதம் ஆனது.

மணிலாவை ஒட்டிய கேசோன் சிட்டியில் மிஷனரிப் பயிற்சி மையம் இருக்கிறது. எதிர்ச்சாரியிலேயே 1984-ல் பிரதிஷ்டை செய்த மணிலா ஆலயம். ஆலயம் என்று நாங்கள் சொல்வது ஞாயிறு ஆராதனைக்குப் போகும் சபைக் கட்டிடத்தை இல்லை, விசேஷச் சடங்குகளுக்கான தனி இடத்தை. இந்தியாவில் எங்களுக்கு அப்போது அப்படி ஒன்று கிடையாது, அதனால் முதல்முறை உள்ளே போன அந்தக் காலை எனக்குப் பெரிய விஷயம். உள்ளே நடப்பதை நாங்கள் வெளியில் பேசுவதில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது அப்பாவும் இங்கே இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

பயிற்சி ஆறு வாரம். வகுப்பில் என்னோடு இருந்த அமெரிக்கப் பையன்கள் மொழியோடு மல்லுக்கட்டினார்கள். எனக்கு மட்டும் ஏதோ தெரிந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. தகலோக்கில் மரியாதைக்கு 'போ' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார்கள். எங்கள் கொங்குத் தமிழில் எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுகிறோமே, அச்சு அசல் அதேதான். 'ஓபோ' என்றால் 'ஆமாங்க'. அப்புறம் 'நாம்', 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல். தகலோக்கில் எதிரில் இருப்பவரையும் சேர்த்தால் 'தாயோ', சேர்க்காவிட்டால் 'காமி'. ஆசிரியர் பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டு வந்த பத்தாவது நாள் அது.

ஜெபத்தில்தான் இது முக்கியம். கடவுளிடம் பேசும்போது 'காமி' என்றுதான் சொல்ல வேண்டும். 'நம்மை மன்னியும்' என்று சொன்னால் கடவுளையும் பாவிகளோடு சேர்த்துவிடுவோம். நாமும் 'எங்கள் பிதாவே' என்றுதானே சொல்கிறோம். அவர்களும் 'ஆமா நாமின்' என்கிறார்கள். நாமின் என்றால் 'எங்கள்', ஆமா என்றால் அங்கே அப்பா.

முதலில் போட்ட இடம் லகுனா மாகாணத்தில் சான் பாப்லோ. ஊரைச் சுற்றி ஏழு ஏரிகள். பெரிய ஏரிக்குப் பெயர் சம்பாலோக், அதாவது புளி. எங்கே பார்த்தாலும் தென்னை. பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். என் முதல் ஜோடி அமெரிக்காவில் ஐடஹோவிலிருந்து வந்தவர், உருளைக்கிழங்கு விவசாயி வீட்டுப் பையன். இவரை 'கம்பேனியன்' என்போம். குளியலறை தவிர எந்த நேரமும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் மாற்றல் வரை அவர்தான். அவர் எனக்குத் துணி இஸ்திரி போடச் சொல்லிக்கொடுத்தார், நான் அவருக்கு 'தாயோ'வும் 'காமி'யும் சொல்லிக்கொடுத்தேன்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், சோறு, வேத வாசிப்பு. அவர் ஆங்கிலத்தில் படிப்பார், நான் அம்மா கொடுத்தனுப்பிய தமிழ் மார்மன் புஸ்தகத்தில். பைபிளோடு நாங்கள் வேதமாக வைத்திருக்கும் புத்தகம் அது. வீட்டுக்குள் தமிழ் எழுத்தைப் பார்க்கிற ஒரே நேரம் அதுதான். பிறகு வெள்ளைச் சட்டை, டை, வெயில். கதவைத் தட்டுகிற பழக்கம் அங்கே குறைவு. வேலிக்கு வெளியே நின்று "தாஓ போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். 'ஆள் வந்திருக்கேனுங்க' என்கிற மாதிரி. பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், மனம் நோகப் பேச மாட்டார்கள். "அடுத்த தடவை பார்க்கலாங்க" என்பார்கள். அது 'வேண்டாம்' என்பதற்கான மரியாதையான சொல் என்று புரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இரவு வந்து மறுநாளுக்குத் திட்டம் போட்டு, பத்தரைக்கு விளக்கு அணைத்துவிட வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் யார் வீட்டு முன்னால் போனாலும் "காயின் தாயோ" என்று கூப்பிடுவார்கள். 'சாப்பிடலாம் வாங்க' என்று பொருள், அந்த 'தாயோ'வில் நாமும் உண்டு. முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பையனையும் 'நாம்' என்று சேர்த்துக்கொண்டுதான் சோற்றுக்கே கூப்பிடுகிறார்கள்.

ஐந்தாவது மாதம் மழைக்காலத்தின் கடைசி. ஆறு வாரமாகக் கால் ஊறிப்போக நடந்தும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நாங்கள் அழைத்த ஒருவர்கூட வரவில்லை. அப்போதெல்லாம் வீட்டுக்குப் போன் பேச வருடத்தில் இரண்டே நாள்தான், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். மற்றபடி திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து மின்னஞ்சல். அந்தக் கிறிஸ்துமஸ் அழைப்பில் அப்பா வரவில்லை. பட்டறையில் அவசர வேலை என்றார் அம்மா. கிறிஸ்துமஸ் அன்று என்ன பட்டறை?

அன்றிரவு குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். தனியாக இருக்க வேறு இடம் இல்லை. அப்பா கேட்டது சரிதானோ, நான் ஒரு வீட்டை உடைத்துவிட்டு வந்திருக்கிறேனோ என்று கடவுளிடமே கேட்டேன். மார்மன் புஸ்தகத்தில் மரோனி பத்தாம் அதிகாரத்தில், உண்மையான இருதயத்தோடு கேட்டால் பரிசுத்த ஆவியினால் சத்தியம் தெரியவரும் என்று வாக்குத்தத்தம் இருக்கிறது. அதைத்தான் தினமும் ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் குரலும் கேட்கவில்லை, காட்சியும் தெரியவில்லை. தோளில் இருந்த மூட்டையை யாரோ ஒரு கை பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. மூட்டை அங்கேயேதான் இருந்தது. அது போதுமாக இருந்தது, இன்றைக்கும் என் விசுவாசம் அதன்மேல்தான் நிற்கிறது.

எங்கள் தெருவில் துணி வெளுத்துப் பிழைக்கும் ஒரு அம்மா இருந்தார். வாரம் ஒருமுறை போய்ப் பாடம் சொல்வோம். பொறுமையாகக் கேட்பார், ஜெபமாலையைக் கீழே வைக்க மாட்டார். ஜனவரியில் ஒருநாள் என் பட்டையைத் தொட்டுக்காட்டி, "இது உன் பெயரா?" என்று கேட்டார். அப்பா பெயர் என்றேன். அவர் என்ன செய்கிறார், நீ இங்கே இருப்பது அவருக்குச் சந்தோஷமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்த தகலோக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாடம் முடிந்ததும் நாங்கள்தான் ஜெபிப்போம். அன்று அவர், "நான் சொல்றேன்" என்று சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். 'காமி' என்று தொடங்கி, அதற்குள் தன் பிள்ளைகளை வைத்தார், எங்கள் இருவரை வைத்தார், கடல் தாண்டி இருக்கும் என் அப்பாவைப் பெயர் சொல்லி வைத்தார். அந்தப் பெயரை அவர் உச்சரித்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. ஆமென் சொன்ன கையோடு, "காயின் தாயோ". இஞ்சி போட்ட கோழிக் குழம்பு, அவர்கள் 'மலுங்காய்' என்று சொல்லும் முருங்கைக் கீரை அதில் மிதந்தது.

அவர் எங்கள் சபையில் சேரவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். அங்கே நான் கேட்ட ஜெபங்களில் முதலில் நினைவுக்கு வருவதும் அவருடையதுதான்.

எத்தனை பேரைச் சபையில் சேர்த்தோம் என்று நான் எண்ணிக்கை சொல்லப் போவதில்லை. பிறகு இரண்டு ஊர், ஐந்து கம்பேனியன், ஒரு புயலில் சபைக் கட்டிடத்துக் கூடத்தில் அக்கம்பக்கத்தாரோடு நான்கு இரவு. சிலர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். ஒரு தாத்தா தண்ணீரிலிருந்து எழுந்து என் நெற்றியில் முத்தமிட்டார்.

2019 பிப்ரவரியில் சபை விதியை மாற்றியது, இனி வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம் என்று. அங்கே பதினொன்றரை என்றால் கோவையில் ஒன்பது மணி, பட்டறை திறக்கிற நேரம். இரண்டாவது வாரம் போனை எடுத்தது அப்பா. "அங்க சோறு எப்படி கண்ணு?" என்றார். ஒன்றரை வருடமாகச் சாப்பிட்டதையெல்லாம் சொன்னேன். முருங்கைக் கீரை என்றதும், "அங்கேயுமா?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் பட்டறை ஒன்பதரைக்குத்தான் திறந்தது.

ஊர் வந்து, உள்ளூர் தலைவர் என்னை ஊழியத்திலிருந்து விடுவித்த அன்று பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். அப்பா எடுத்து, கண்ணாடி போட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். பேசவில்லை. அவர் இன்னும் சி.எஸ்.ஐ. சபைக்குத்தான் போகிறார், நான் என் சபைக்கு. எங்கள் பகுதியில் இப்போது வேறு மாநிலத்துப் பையன்கள் இரண்டு பேர் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வெயிலில் நடக்கிறார்கள். ஞாயிறு மதியம் இலை போட்டதும் அப்பா வாசல் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்: "அந்தப் பசங்க சாப்பிட்டாங்களா, போன் போட்டுக் கேளு."