வைரஸ் இல்லாத ஜீன் டெலிவரி: நாலு மார்க் கற்றுத்தந்த பாடம்

எம்.எஸ்சி. பயோடெக் படித்தபோது இன்டர்னலில் பத்து மார்க் கேள்வி: வைரஸ் அல்லாத ஜீன் டெலிவரி முறைகளை விளக்குக. அதாவது, வைரஸின் துணையில்லாமல் ஜீனைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் வழிகள். எட்டு முறைகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போட்டு, தெம்பாக எழுந்து வந்தேன். வந்தது நாலு. 'பட்டியல் இருக்கிறது, விளக்கம் எங்கே?' என்று ஓரத்தில் சிவப்பு மை.

அப்புறம் குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வரும்போதெல்லாம் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். நம் ஊர்க்காரர்களுக்கு அது சுலபம்: வேலூர்க் கோட்டை. மதில் செல்லின் சவ்வு. உள்ளே மைதானம் சைட்டோபிளாசம். ஜலகண்டேஸ்வரர் கோயில் உட்கரு. எந்த முறையைப் படித்தாலும், அது எந்தத் தடையை எப்படித் தாண்டுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

முதல் சிக்கல் மின்னூட்டம். டிஎன்ஏவும் நெகட்டிவ், சவ்வின் வெளிப்பக்கமும் நெகட்டிவ். அதனால்தான் நேர்மின்னூட்டக் கொழுப்பால் டிஎன்ஏவைப் பொதிகிறார்கள். 1987இல் வந்த லிப்போஃபெக்‌ஷன் இதுதான். ஆனால் மதிலைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று எழுதுகிறோமே, அங்கேதான் மார்க் போகிறது. உள்ளே வந்த சரக்கு எண்டோசோம் என்ற பைக்குள் மாட்டிக்கொள்ளும். தப்பிக்காவிட்டால் லைசோசோமில் செரித்துப்போகும். லிப்பிட் நானோதுகளின் சாமர்த்தியம் இங்கேதான்: அதிலுள்ள அயனியாகும் கொழுப்புக்கு ரத்தத்தில் ஏறக்குறைய மின்னூட்டமே இருக்காது, எண்டோசோமின் அமிலத்தில் பாசிட்டிவாக மாறிப் பையின் சவ்வைக் குலைக்கும். அப்படியும் தப்புவது கொஞ்சம்தான்.

சரி, சரக்கு என்ன என்று பார்த்தீர்களா? 2018இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்து சுமப்பது எஸ்ஐஆர்என்ஏ, அதாவது ஒரு ஜீனின் வேலையை அடக்கும் குட்டி ஆர்என்ஏ. அதற்கு மைதானம் போதும், புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவுக்கும் அப்படியே. பிளாஸ்மிட் என்ற வளைய டிஎன்ஏ என்றால் கோயிலுக்குள்ளேயே போக வேண்டும். செல் பிரியும்போது உட்கருவின் உறை கலைவதால், பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் பிளாஸ்மிட் சுலபமாக வேலை செய்யும். இந்த ஒரு வரிக்கே தனி மார்க் உண்டு.

வைவாவில் நம் பக்கத்துப் பிள்ளைகள் வழக்கமாக விழும் குழி ஒன்று. உள்ளூர் உதாரணம் என்ற ஆசையில் வேலூர் சிஎம்சியின் ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் உறையாத நோய்) ஜீன் சிகிச்சையை இந்தத் தலைப்பில் சொல்லிவிடுவார்கள். பெருமையான விஷயம்தான், ஆனால் அதில் மரபணுவைக் கொண்டுபோனது லென்டிவைரஸ். இந்தக் கேள்விக்குப் பொருந்துவது 2023இல் அனுமதி பெற்ற காஸ்ஜெவி என்ற ரத்த நோய்ச் சிகிச்சை: ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, எலக்ட்ரோபொரேஷனில் மின்துடிப்பு கொடுத்துச் சவ்வில் துளையிட்டு, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கருவியை உள்ளே அனுப்புகிறார்கள்.

நேரம் போதாவிட்டால் ஜீன் கன்னைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தங்கத் துகளில் டிஎன்ஏவைப் பூசிச் சுடுவது, திசுவுக்குள் ஆழமாகப் போகாது. இவ்வளவு எழுதினால் போதும்.